நிற்க எவ்வளவு ஆகும்?

புது பைக் வாங்கப் போகிறவர் ஷோரூமில் மூன்று கேள்விகள் கேட்பார். மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்? ஆன்ரோடு விலை என்ன? டாப் ஸ்பீடு எவ்வளவு? இந்த மூன்றாவதை மட்டும் அப்பா பக்கத்தில் இல்லாத சமயம் பார்த்துக் கேட்பார். "பிரேக் போட்டால் எத்தனை அடியில் நிற்கும்?" என்று நாலாவதாக ஒரு கேள்வியை எந்த மகானும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கம்பெனிக்காரர்களையும் குற்றம் சொல்ல முடியாது. பூஜ்யத்திலிருந்து 60-ஐத் தொட எத்தனை செகண்டு என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். 60-லிருந்து பூஜ்யத்துக்கு வர எத்தனை மீட்டர் என்பதைப் பொடி எழுத்தில்கூடத் தேட வேண்டியிருக்கும். போவதற்குத்தானே ஸார் காசு கொடுக்கிறோம், நிற்பதற்கு யார் கொடுப்பார்?

ஆனால் அந்த நாலாவது கேள்விக்கு விடை கண்டுபிடிக்க ஷோரூமே வேண்டாம். ஒரு பழைய பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும். நான் பி.காம். பௌதிகத்துக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து ஆகிவிட்டது. அப்படிப்பட்ட எனக்கே இது புரிந்ததற்குக் காரணம், பிரேக் கணக்கு என்பது அசல் அக்கவுண்டன்ஸி கணக்கு.

தேய்மானம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு மிஷின் 18,000 ரூபாய். வருஷத்துக்கு 6,000 தேய்மானம். நேர்கோட்டு முறை என்று படித்தோமே, வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழிப்பது. மூன்று வருஷத்தில் மிஷினின் மதிப்பு பூஜ்யம். அவ்வளவுதான்.

இப்போது ரூபாயை அழித்துவிட்டு வேகத்தை எழுதுங்கள். மணிக்கு 65 கிலோமீட்டரில் போகிறீர்கள். 65-ஐ 3.6-ஆல் வகுத்தால் வினாடிக்கு 18 மீட்டர். காய்ந்த ரோடு, நல்ல டயர், இரண்டு பிரேக்கையும் ஒழுங்காகப் பிடிக்கிறீர்கள். அப்போது ஒவ்வொரு வினாடியும் உங்கள் வேகத்திலிருந்து சுமார் 6 மீட்டர் கழிந்துகொண்டே வரும். 18, 12, 6, பூஜ்யம். மூன்று வினாடி. வேகத்தை 6-ஆல் வகுத்தால் நிற்கும் நேரம், முடிந்தது கதை. இதைப் பாடப்புத்தகத்தில் சீரான எதிர்முடுக்கம் என்பார்கள். நாம் தேய்மானம் என்றே வைத்துக்கொள்வோம்.

(இன்னொரு முறை உண்டல்லவா, குறைந்து செல் மதிப்பு முறை? மிச்சம் இருப்பதில் வருஷத்துக்குப் பத்து சதவீதம் என்று கழிப்பது. பிரேக் அந்த முறையில் வேலை செய்திருந்தால் ஒரு வண்டியும் முழுசாக நிற்கவே நிற்காது. கடைசிவரை நூலளவு வேகம் மிச்சமிருக்கும், இன்கம்டாக்ஸ் பாக்கி மாதிரி. நல்லவேளை.)

சரி, நேரம் தெரிந்துவிட்டது. தூரம்? அதற்கும் நம்மிடம் வித்தை இருக்கிறது. சராசரி சரக்கு இருப்பு எப்படிக் கண்டுபிடிப்போம்? ஆரம்ப இருப்பு, இறுதி இருப்பு, இரண்டையும் கூட்டி இரண்டால் வகு. ஆரம்ப வேகம் 18, இறுதி வேகம் பூஜ்யம், சராசரி 9. இந்தச் சராசரியில் மூன்று வினாடி ஓடினால் 27 மீட்டர். நம் மாநகரப் பஸ் சுமார் 12 மீட்டர் நீளம். அப்படி இரண்டு பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அதற்கும் கொஞ்சம் மேலே.

இங்கேதான் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அந்த 27 மீட்டரை வினாடிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். முதல் வினாடியில் வேகம் 18-லிருந்து 12. சராசரி 15. ஆக 15 மீட்டர் போச்சு. இரண்டாவது வினாடியில் 9 மீட்டர். கடைசி வினாடியில் வெறும் 3. அதாவது 5 பங்கு, 3 பங்கு, 1 பங்கு. மேலிருந்து விழுகிற பொருள் அடுத்தடுத்த சம நேரத்தில் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையாகத் தூரம் கடக்கிறது என்று கலிலியோ எழுதிய புத்தகம் 1638-ல் வெளிவந்தது. அதே கணக்கைத் தலைகீழாகப் படித்தால் பிரேக்.

இதன் அர்த்தம் என்ன? தூரத்தில் பாதி தாண்டினால் வேகத்திலும் பாதி குறைந்திருக்கும் என்றுதான் நம் மனசு நினைக்கும். இல்லை. பதிமூன்றரை மீட்டர் தேய்த்துக்கொண்டு போன பிறகும் உங்கள் வேகம் மணிக்கு 46 கிலோமீட்டர்! 65-ல் வெறும் 19-தான் குறைந்திருக்கிறது. மிச்ச 46-ம் அடுத்த பதிமூன்றரை மீட்டரில்தான் கரைய வேண்டும். பிரேக் கடைசியில்தான் 'பிடிக்கிற' மாதிரி தோன்றுவதற்கு இதுதான் காரணம். அது முதலிலிருந்தே ஒரே சீராகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது, பாவம். ஆரம்பத்தில் ஒவ்வொரு மீட்டரையும் நாம் அவ்வளவு அவசரமாகத் தாண்டிவிடுகிறோம்.

வேகத்தைப் பாதியாக்கினால்? 18-க்கு பதில் 9. நேரம் ஒன்றரை வினாடி, அதாவது பாதி. சராசரி வேகமும் பாதி. பாதியைப் பாதியால் பெருக்கினால் கால். 27 மீட்டரில் கால் பங்கு, ஏழு மீட்டருக்குள் வண்டி நின்றுவிடும். திருப்பிப் போட்டால், வேகம் இரண்டு மடங்கு ஆனால் தூரம் நாலு மடங்கு. மூன்று மடங்குக்கு ஒன்பது. கந்துவட்டிக்காரன்கூட இப்படி ஏற்றமாட்டான்.

பெட்ரோல் வண்டியே இல்லாத காலத்தில் இதைக் களிமண்ணில் பார்த்திருக்கிறார்கள். 1720-களில் ஹாலந்தில், லைடன் பல்கலைக்கழகத்தில் கிராவசாண்டே என்ற பேராசிரியர் பித்தளைக் குண்டுகளை மெத்தென்ற களிமண்ணில் விழவிட்டார். இரண்டு மடங்கு வேகத்தில் விழுந்த குண்டு இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு ஆழத்துக்குக் குழி பறித்தது. எமிலி து சாத்தலே என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1740-ல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கட்சிக்காக வரிந்துகட்டிக்கொண்டு வாதாடினார். குண்டுக்கு பதில் பைக், களிமண்ணுக்கு பதில் ரோடு. கணக்கு அதே.

* * *

என் சித்தப்பா பையன் ஒருவன் இருக்கிறான். வயசு 24. பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் உத்தியோகம். தீபாவளி போனஸில் ஒரு 200 ஸி.ஸி. வண்டி வாங்கியிருக்கிறான். கறுப்பு. உட்கார்ந்தால் பின்பக்கம் ஆகாயத்தையும் முகம் பெட்ரோல் டாங்க்கையும் பார்க்கிற ரகம்.

2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் நகருக்குள் டூவீலருக்கு 50 என்று வேக வரம்பு அறிவித்தார்கள். பையனுக்கு அதில் இன்னும் மனத்தாங்கல்.

"நியாயமா சொல்லுங்கண்ணா. 50-ல போனா ஒண்ணும் இல்ல, 60-ல போனா ஃபைனா? பத்துதானே வித்தியாசம்? என் வண்டியில டிஸ்க் பிரேக் இருக்கு, ஏ.பி.எஸ். இருக்கு. எங்கிட்ட வந்து சொல்றாங்க."

"சரிடா. பேப்பரை எடு" என்றேன். கமர்ஸ் படித்தவனிடம் கம்ப்யூட்டர் படித்தவன் கணக்கு கேட்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

முதலில் ஒரு செலவைச் சேர்க்க வேண்டும். இதுவரை நாம் போட்டது பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் மட்டும். அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகிறது. கண் பார்க்கிறது, மூளை விழிக்கிறது, கை பிரேக்குக்குப் போகிறது. ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் சுறுசுறுப்பான ஆளுக்கு இதற்கு ஒரு வினாடி ஆகும் என்று வையுங்கள். அந்த ஒரு வினாடியும் தேய்மானம் கிடையாது. வண்டி முழு வேகத்தில் போய்க்கொண்டேயிருக்கும்.

"50-க்குப் போடு."

போட்டான். வினாடிக்கு 13.9 மீட்டர். யோசிக்கிற ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீட்டர். பிரேக் பிடித்து நிற்க 16. மொத்தம் 30 மீட்டர். இரண்டரை பஸ்.

"இப்ப குழந்தை சரியா 30 மீட்டர்ல நிக்குதுன்னு வெச்சுக்கோ. 50-ல வந்தவன் முட்டாம நின்னுட்டான். அதே வண்டி, அதே பிரேக், அதே ரோடு. 60-ல வந்தவன் என்ன ஆவான்?"

"கொஞ்சம் தள்ளி நிப்பான். லேசா இடிப்பான். என்ன, ஒரு அஞ்சு, பத்து ஸ்பீடுல இடிப்பானா?"

"போட்டுப் பாரு."

60 என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். யோசிக்கிற வினாடியிலேயே அவ்வளவும் போய்விட்டது. பாக்கி 13.3 மீட்டர். நிற்பதற்கு அவனுக்குத் தேவை 23. பத்து மீட்டர் துண்டு விழுகிறது. வேகம் கடைசி மீட்டர்களில்தான் கரையும் என்று பார்த்தோமே? அந்தக் கடைசி மீட்டர்கள்தான் இவனுக்கு இல்லை. குழந்தை நிற்கும் இடத்தில் அவனுடைய வேகம் என்ன?

தம்பி போட்டான். அடித்தான். மறுபடி போட்டான். செல்போன் கால்குலேட்டரை எடுத்தான்.

"39 வருதுண்ணா."

39 கிலோமீட்டர். பத்து கிலோமீட்டர் அதிகமாக வந்தவன் பத்து கிலோமீட்டர் வேகத்தில் மோதவில்லை. 39-ல் மோதுகிறான். இரண்டாவது மாடியிலிருந்து, சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து, ஒரு பொருளைப் போட்டால் தரையைத் தொடும்போது அதற்கு என்ன வேகம் இருக்குமோ, அது.

70-ல் வந்தால் அதே இடத்தில் 57. 80-ல் வந்தால் 72. கவனியுங்கள், 80-ல் வருகிறவனுக்கு அந்த 30 மீட்டருக்குள் பிரேக் கிட்டத்தட்ட ஒரு மரியாதைக்குத்தான். 100-ல் வந்தால் 98. பிரேக் பிடித்ததும் பிடிக்காததும் ஒன்று. 40-ல் வந்தவன் மட்டும் 21 மீட்டரிலேயே நின்று, குழந்தையின் அம்மாவைப் பார்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம்.

பையன் ஒன்றும் பேசவில்லை. பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். அப்புறம் கேட்டான்: "ஆனா நான் ஒல்லிதானேண்ணா? வெயிட் கம்மி. சீக்கிரம் நின்னுடாது?"

இந்தச் சந்தேகம் ரொம்பப் பேருக்கு உண்டு. நிறுத்துகிற சக்தி கடைசியில் எங்கிருந்து வருகிறது? டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் பிடிப்பிலிருந்து. எடை கூடினால் நிறுத்த வேண்டிய பாரம் கூடும். ஆனால் டயர் ரோட்டை அழுத்துவதும் அதே அளவு கூடும், பிடிப்பும் கூடும். இரண்டு பக்கமும் ஒரே எண், வெட்டிவிடலாம். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிடும். ஒல்லிக்குத் தள்ளுபடி இல்லை, குண்டுக்கு அபராதமும் இல்லை. பிரேக் அந்தப் பாரத்தைத் தாங்குகிற திராணியுள்ளதாக இருக்க வேண்டும், அது வேறு விஷயம். மூன்று பேரும் ஒரு கேஸ் சிலிண்டருமாகப் போகிற பழைய டிரம் பிரேக் வண்டிக்கு அந்தத் திராணி இருக்காது.

இது ஏதோ ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக் கணக்கு இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் தமிழ்நாடு 17,884. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் நாட்டிலேயே நாம்தான் முதலிடம், 64,105. செத்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள். காரணம் என்ற காலத்தில் பத்தில் ஏழு சாவுக்கு அதிவேகம் என்று எழுதியிருக்கிறது. அதிவேகம் என்றவுடன் நாம் 120, 140 என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தத் தெருவுக்கு 50 சரி என்கிற இடத்தில் 60-ம் அதிவேகம்தான்.

* * *

கால்குலேட்டர் இல்லாமல் வண்டி ஓட்டிக்கொண்டே போட ஒரு மனக்கணக்கு உண்டு. ஜெர்மனியில் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பது. வேகத்தில் கடைசிப் பூஜ்யத்தைத் தூக்குங்கள். 60 என்றால் 6. அதை மூன்றால் பெருக்கினால் 18, அது யோசிக்கிற தூரம். அதையே அதனால் பெருக்கினால் 36, அது பிரேக் தூரம். மொத்தம் 54 மீட்டர். இது நிதானமான பிரேக்குக்கு. உயிர் போகிற அவசரத்தில் முழு பலத்தோடு பிடித்தால் அந்த 36-ல் பாதி என்கிறார்கள். நான் போட்ட 23, இந்த இரண்டுக்கும் நடுவில் உட்காருகிறது.

நம்மூர் ரோடு என்ஜினீயர்கள் இதைவிட ஜாக்கிரதை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்று ஒரு அமைப்பு. காங்கிரஸ் என்றதும் கதர்ச் சட்டையைக் கற்பனை செய்ய வேண்டாம். ரோடுகளை எப்படி அமைப்பது என்று விதி எழுதுகிறவர்கள். 1934-லிருந்து இருக்கிறது. வளைவு, மேடு எதுவானாலும் ஓட்டுகிறவர் கண்ணுக்கு முன்னால் இவ்வளவு ரோடு தெரிய வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். யோசிக்க அவர்கள் கொடுப்பது ஒரு வினாடி அல்ல, இரண்டரை வினாடி. பிடிப்பும் நான் வைத்த 6 அல்ல, நாலுக்கும் கீழே. நனைந்த ரோடு, தேய்ந்த டயர், தூக்கக் கலக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. 40-ல் போனால் 45 மீட்டர் வேண்டும். 50-க்கு 60 மீட்டர். 60-க்கு 80. 80-க்கு 120. 100-க்கு 180 மீட்டர், அதாவது பதினைந்து பஸ்.

இரண்டரை வினாடி ரொம்ப தாராளம் என்று படுகிறதா? வண்டி ஓட்டிக்கொண்டே செல்போனில் யார் மெஸேஜ் என்று எட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வினாடி சாதாரணம். 60-ல் போகும்போது அது 33 மீட்டர், கண்ணை மூடிக்கொண்டு. 50-ல் போன உத்தமன் குழந்தைக்கு முன் நின்ற தூரமே 30-தான்.

பிரேக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் அலுத்துக்கொள்வார். "ஸார், வர்ற வண்டியில பாதிக்கு மேல பின் பிரேக் லைனிங் தேஞ்சு கட்டையா கெடக்கும். முன் பிரேக் ஷோரூம்ல வந்த மாதிரியே பளபளன்னு இருக்கும்." முன் பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புறக் கவிழ்ந்துவிடும் என்று அண்ணன், மாமா, அண்டை வீட்டார் எல்லோரும் சேர்ந்து நமக்குப் பயத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள். டிரைவர் பிரேக் போட்டால் பஸ்ஸில் நிற்கிறவர்கள் எல்லோரும் முன்னால் சரிகிறார்களே, அதேபோல பைக்கின் பாரமும் முன்சக்கரத்தின் மேல் சரிகிறது. முன் டயர் ரோட்டை இறுக அழுத்துகிறது, பின் டயர் லேசாகி விடுகிறது. லேசான டயரில் என்ன பிடிப்பு இருக்கும்? பின் பிரேக்கை மட்டும் நம்பினால் வினாடிக்கு 6 கழிய வேண்டிய இடத்தில் தோராயமாக 3-தான் கழியும். தேய்மானம் பாதியானால் பிரேக் தூரம் இரண்டு மடங்கு. 60-ல் 23 மீட்டர் என்பது 46 ஆகிவிடும்.

முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வெடுக்கென்று அல்ல, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி. வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். வழுக்குகிற டயருக்குப் பிடிப்பு குறைவு, திருப்பவும் முடியாது. அதைத் தடுக்கத்தான் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலிலிருந்து 125 ஸி.ஸி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் அது கட்டாயம். அது வண்டியை வழுக்காமல் பார்த்துக்கொள்ளும். ரோட்டில் இல்லாத பிடிப்பை எங்கிருந்தும் கொண்டுவராது. வளைவில் மணல் கொட்டிக் கிடந்தால் எந்த எலெக்ட்ரானிக்ஸும் நமக்கு மாமன் மச்சான் இல்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்வதுதான் வழி.

மழையும் அப்படித்தான். அதிலும் கோடைக்குப் பிறகு வருகிற முதல் மழை. ரோட்டில் மாசக்கணக்கில் படிந்த ஆயிலும் புழுதியும் ரப்பர் பொடியும் சேர்ந்து குழம்பு மாதிரி மிதக்கும். ஒரு மணி நேரம் நன்றாக அடித்துக் கழுவிவிட்டால் பரவாயில்லை. அந்த முதல் தூறலில்தான் ஆபத்து. பிடிப்பு பாதியானால் என்ன ஆகும் என்று இனி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிடிப்பே இல்லாதது ரயில். இரும்பின் மேல் இரும்பு. ரயிலை லேசாக உருட்டிக்கொண்டு போக அதுதான் வசதி, நிறுத்தும்போது அதுதான் வினை. 100 கிலோமீட்டரில் வரும் ஒரு எக்ஸ்பிரஸ் வினாடிக்கு அரை மீட்டர் வீதம் வேகத்தைக் கழிக்கிறது என்று வைத்துப் போட்டேன். நிற்க 56 வினாடி. தூரம் 770 மீட்டர். புறநகர் ஸ்டேஷன்களில் பாலம் ஏறச் சோம்பல்பட்டுத் தண்டவாளத்தில் இறங்கிக் குறுக்கே போகிறவர்கள், டிரைவர் நம்மைப் பார்த்துவிட்டார், ஹார்னும் அடிக்கிறார் என்று தைரியமாக இருக்கிறார்கள். பார்த்துவிட்டார், உண்மைதான். அவர் கையில் ஹார்னைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

* * *

முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி? முழுத் தூரமும் வேண்டியதில்லை, ஏனென்றால் அவனும் தேய்த்துக்கொண்டுதான் நிற்பான். அவன் பிரேக் லைட்டை நாம் பார்த்துச் சுதாரிக்கிற நேரம் இருந்தால் போதும். முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு" என்று மனசுக்குள் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தைத் தாண்டினால் நெருக்கிப் போகிறீர்கள். மழையில் ஆயிரத்து நாலுவரை போகலாம்.

தெரியும், தெரியும். அப்படி இடைவெளி விட்டால் அதில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து பால் காய்ச்சிக் குடியேறிவிடும். குடியேறட்டும். இன்னொரு தடவை ஆயிரத்து ஒண்ணு சொல்லிக்கொண்டு பின்தங்குங்கள். அண்ணா சாலையில் இப்படிப் பத்து ஆட்டோவுக்கு இடம் கொடுத்தாலும் ஆபீசுக்கு அரை நிமிஷம்கூடத் தாமதமாகாது. வேண்டுமானால் அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆட்டோவின் நீளம் இரண்டரை, மூன்று மீட்டர்தான். இடைவெளியையும் சேர்த்து இருபது மீட்டர் என்று வைத்தாலும் பத்து ஆட்டோவுக்கு 200 மீட்டர். 40-ல் போகிறவருக்கு அது 18 வினாடி.

இந்த இரண்டு வினாடிக் கணக்கு, முன்னால் இருப்பவர் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான். ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பவரிடம் செல்லாது. ராத்திரி நேரத்தில் ஹைவேயில் பஞ்சர் ஆகி, பின் விளக்கு இல்லாமல், இரண்டு கல்லையும் ஒரு வேப்பங்கொத்தையும் அடையாளம் வைத்துவிட்டு நிற்கும் லாரி. அதற்கு முழுத் தூரமும் வேண்டும்.

பொங்கலுக்கு ராத்திரியோடு ராத்திரியாக பைக்கிலேயே திருச்சிக்குப் போகிறேன் என்று தம்பி கிளம்பினான். நான் தடுக்கவில்லை. 24 வயசுக்காரனைத் தடுக்க முடியும் என்று நினைப்பவர்களுக்கு 24 வயசுப் பிள்ளை இருக்காது. ஒன்றே ஒன்று கேட்டேன்.

"எதிர்ல வண்டி வந்தா டிம் பண்ணுவியா?"

"பண்ணுவேன்."

"டிம்ல எவ்வளவு தூரம் ரோடு தெரியும்?"

யோசித்தான். ராத்திரி தெருமுனைக்கு வண்டியை எடுத்துப் போய், இருட்டான இடமாகப் பார்த்து ஒரு பழைய கறுப்புக் குடையை ரோட்டில் வைத்து, அடி எண்ணிப் பார்த்துவிட்டு வந்தான். அந்த அக்கறை இருக்கிறவரை அவனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

"ஒரு 40 மீட்டர் இருக்கும்ணா. அதுக்கு மேல குடை தெரியல."

"அப்ப எவ்வளவு ஸ்பீடுல போகலாம்?"

மடித்து வைத்திருந்த பேப்பரை எடுத்தான். "ஒரு வினாடி, 6 மீட்டர்னு போட்டா 60-க்கு சரியா 40 மீட்டர் வருது." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல எனக்கு ஒரு வினாடி பத்துமான்னு தெரியல. அந்த ரோடு என்ஜினீயருங்க கணக்கு சொன்னீங்களே, அதுல எவ்வளவு?"

"40-ல போறதுக்கே 45 மீட்டர் தெரியணும்."

"அப்ப 40-கூட போக முடியாதா?"

"டிம் லைட்ல, அவங்க கணக்குப்படி, முடியாது."

"திருச்சி 330 கிலோமீட்டர்ணா."

"ஆமா."

வகுத்துப் பார்த்தான். எட்டே கால் மணி நேரம் என்று வந்திருக்க வேண்டும். செல்போனை எடுத்து, பல்லவனில் இடம் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தான். பொங்கலுக்கு முந்தின நாள். வெயிட்டிங் லிஸ்ட் 212.

காலை ஆறரைக்கு வெளிச்சம் வரும், அதன் பிறகு கிளம்பு என்றேன். கிளம்பினான். மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாக ஃபோன் வந்தது.